செய்தி மடலின் பக்க அமைப்பு

பட்டுப்புழு வளர்ப்போருக்கென வெளியிடப்பெறும் செய்தி மடல் ஒன்றில் பின்வரும் வாக்கியம் இடம் பெறுவதாகக் கொள்வோம்: 10 லிட்டர் நீரில் 200 கிராம் பிளீச்சிங் பவுடரையும் 30 கிராம் நீற்றிய சுண்ணாம்பையும் கலந்து புழுமனை முழுவதும் தெளிக்க வேண்டும். கூறிய அளவு சரியானதே. ஆயினும், குறுகிய பத்தியில் அச்சிடும்போது ஒரு வரி ‘200’ என்னும் எண்ணோடு முடிந்து, அடுத்த வரி ‘கிராம் பிளீச்சிங் பவுடரையும் 30’ என்று அமைந்துவிடுமாயின் விளைவு யாது? எழுத்துக் கூட்டிப் படிக்கும் ஒருவர் அவ்வரியை மட்டும் நோக்கி, பவுடர் 30 கிராம் போதும் என எண்ணிவிடக்கூடும். கரைசலின் வீரியம் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காகக் குறையும். முந்திய வளர்ப்பில் தங்கிய நோய்க்கிருமிகள் முற்றும் அழியா. நான்கு வாரம் வரை இலையிட்டு வளர்த்த புழுக்கள், கூடு கட்டும் தறுவாயில் நோயுற்று மடிய நேரும். இங்கே ஆராய்ச்சியாளர் தவறவில்லை, எழுதியவரும் தவறவில்லை. பக்கத்தை அமைத்தவரே தவறினார்.

இந்த எடுத்துக்காட்டைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. கொள்ளேகாலத்திலிருந்து ஹனூர் வழியாக மாதேசுவரன் மலைக்குச் செல்லும் சாலையில் கௌதள்ளி அமைந்துள்ளது. கொள்ளேகாலம் வட்டாரம் நெடுங்காலமாகப் பட்டுக்குப் பெயர் பெற்றது. 1956 நவம்பர் வரை அது சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. பின்னர் மைசூர் மாவட்டத்திலும், 1997 முதல் சாமராஜநகர் மாவட்டத்திலும் அடங்கியது. ஆகவே இங்குக் கன்னடமும் தமிழும் அருகருகே வழங்குகின்றன. மைசூரில் உள்ள மத்தியப் பட்டு வளர்ப்பு ஆராய்ச்சி, பயிற்சி நிலையத்தின் முடிவுகள் இத்தகைய ஊரின் புழுமனையைச் சென்றடைய வேண்டுமாயின், கள ஊழியர் கையில் கொண்டு செல்லும் ஒரு தாளும் துணை செய்தல் வேண்டும்.

அத்தாளின் அளவை முதலில் முடிவு செய்க. 297 மில்லிமீட்டர் அகலமும் 420 மில்லிமீட்டர் நீளமும் உடைய ஏ3 தாளை ஒருமுறை மடித்தால் நான்கு ஏ4 பக்கங்கள் கிடைக்கும். தாளின் வெளிப்புறத்தில் இடப்பக்கம் நான்காம் பக்கமும், வலப்பக்கம் முதற்பக்கமும் அமையும். இரண்டும் மூன்றும் உட்புறத்தில் அடுத்தடுத்து வரும். இம்முறையை அச்சகத்தார் யாவரும் அறிவர். ஆனால் மடலைப் பெற்றவர் அதை என்ன செய்வார் என்பதைப் பலர் எண்ணுவதில்லை. பயனுள்ள மடலாயின் அவர் அதை விரித்துப் புழுமனைச் சுவரில் மாட்டிவிடுவார். அப்போது முதற்பக்கமும் கடைசிப் பக்கமும் சுவரை நோக்கி மறைந்துவிடும்! எனவே கலவை அளவு, ஒவ்வொரு பருவத்திற்கும் உரிய வெப்பநிலை, தோலுரிப்புக் காலத்தில் இலையிடுதலை நிறுத்த வேண்டிய குறிப்பு ஆகிய யாவும் உட்பக்கங்களிலேயே இருத்தல் வேண்டும். இளம்புழுவுக்கு 27 முதல் 28 பாகை செல்சியசும், ஐந்தாம் பருவத்துக்கு ஏறத்தாழ 24 பாகையும் ஏற்றவை என்பதைப் பத்தியாக எழுதுவதினும் பட்டியலாக இடுவதே தகும். முதற்பக்கத்துக்கு அந்தப் பருவத்தின் செய்தியும், கடைசிப் பக்கத்துக்கு முகவரி, பயிற்சி நாட்கள் முதலியனவும் போதுமானவை.

அடுத்தது பத்தியின் அகலம். ஆங்கில மடல்களைப் பார்த்துப் பக்கத்தை மூன்று பத்திகளாகப் பிரிக்கும் வழக்கம் தமிழுக்குப் பொருந்துவதன்று. நம் சொற்கள் வேற்றுமை உருபும் விகுதியும் சேர்ந்து நீள்பவை. குறுகிய பத்தியில் இரு ஓரங்களையும் சமன் செய்தால், ஒரு வரியில் இரண்டே சொற்கள் நின்று இடையே பெரும் வெற்றிடம் தோன்றும். இருபுறமும் 20 மில்லிமீட்டர் ஓரம் விட்டால் ஏ4 பக்கத்தில் 170 மில்லிமீட்டர் எஞ்சும். நடுவே 8 மில்லிமீட்டர் இடைவெளியுடன் 81 மில்லிமீட்டர் அகலமுள்ள இரு பத்திகள் அமைக்கலாம். வலது ஓரத்தைச் சமன் செய்யாது விடுதல் குறையன்று. எண்ணும் அதன் அலகும் பிரியா இடைவெளியால் பிணைக்கப்பெறல் வேண்டும். கணினியில் இது எளிது. கலவை அளவுகளுக்கோ, பொருளுக்கு ஒரு வரி என ஒதுக்கிவிடுவதே மேல்.

தமிழெழுத்தில் புள்ளியும் கொக்கியும் மேலே எழுகின்றன. உகர ஊகாரக் குறிகள் கீழே இறங்குகின்றன. ஆதலின் 12 புள்ளி எழுத்துக்கு 16 அல்லது 17 புள்ளி வரியிடைவெளி வேண்டும். புதிதாகப் படிக்கக் கற்றோருக்கு எழுத்தே 14 புள்ளி இருத்தல் நலம். சொல்லை முறிக்க நேர்ந்தால், புள்ளி பெற்ற மெய்யெழுத்து அடுத்த வரியின் முதலில் நிற்கலாகாது. கன்னடப் பதிப்பும் உடன் வெளிவருமாயின், அதன் ஒத்தெழுத்துக்கள் வரிக்குக் கீழே தொங்குவதால் அதற்கு இன்னும் சிறிது இடம் விடுக. படங்களை மட்டும் இரு பதிப்பிலும் ஒரே இடத்தில் வைத்தால், இரு மொழியினரும் ஒரே கூட்டத்தில் அமர்ந்து பயிலலாம்.

படத்தைப் பற்றி ஒரு சொல். 1980-ல் கருநாடகத்துள் புகுந்த ஊசி ஈ, புழுவின் உடல்மீது வெண்ணிற முட்டையிடும். அதிலிருந்து வெளிவரும் சிறு புழு உட்புகுந்த இடத்தில் கரும்புள்ளி தோன்றும். இதைப் புகைப்படமாக வெளியிட்டால், நகலெடுக்கும்போது புழு முழுவதும் கருத்துப் புள்ளி மறைந்துபோகும். கோட்டோவியமும் ஓர் அம்புக்குறியும் அதனினும் தெளிவாக உணர்த்தும். பிளீச்சிங் பவுடரைச் ‘சலவைத் தூள்’ எனத் தமிழாக்கியோரும் உளர். படிப்பவர் துணி துவைக்கும் தூளை வாங்கி வந்தால் அவரைக் குறை கூறவியலாது. கடையில் கேட்கும் பெயரையே அச்சிடுக.

படி திருத்தம் முடிந்தபின், அச்சுக்கு அனுப்புமுன், ஒரு படியை ஊர்ப் பள்ளியாசிரியரிடம் கொடுத்து, வளர்ப்பவர் ஒருவரை உரக்கப் படிக்கச் செய்யுமாறு வேண்டுக. ‘பவுடர் எத்தனை கிராம்?’ என்று மட்டும் கேட்டால் போதும். அவர் தயங்கிய வரியை அடிக்கோடிட்டு, மீண்டும் கோத்தல் வேண்டும்.