முன் பிரேக்கைத் தொடலாமா?

பைக் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் மாமாவோ அண்ணனோ முதலில் சொல்வது, "முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கி அடிச்சிடும்" என்பதுதான். இந்த அறிவுரை பாதிதான் சரி. மீதிப் பாதி ஆபத்தானது.

பிரேக் பிடித்த கணத்தில் வண்டியின் பாரம் முன்சக்கரத்தின் மேல் சாய்கிறது. பின்சக்கரம் லேசாகிறது, சாலையில் அதன் பிடியும் குறைகிறது. பின் பிரேக்கை மட்டும் மிதித்து இறுக்கினால் சக்கரம் சுழலாமல் தேய்த்துக்கொண்டு போகும். வண்டியின் பின்பக்கம் ஒருபுறமாக இழுக்கும். தூக்கி அடிப்பது, முன் பிரேக்கைச் சட்டென்று இறுக்குவதால். வண்டி நேராக இருக்கும்போது இரண்டையும் சேர்த்துச் சீராக அழுத்தினால் நிற்கும் தூரம் வெகுவாகக் குறையும். வளைவில் இது பொருந்தாது. அங்கே டயரின் பிடியில் பெரும்பகுதி திரும்புவதற்கே செலவாகிவிடுவதால், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும்.

வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் நான்கு மடங்காகும். நல்ல டயர், காய்ந்த தார்ச்சாலை என்றால் 40 கிலோமீட்டர் வேகத்தில் சுமார் 9 மீட்டர். 80-இல் 36 மீட்டர். ஆபத்தைக் கண்டு கை பிரேக்குக்குப் போகும் ஒரு நொடியிலேயே, 60-இல் போகும் வண்டி 17 மீட்டர் ஓடிவிடும் என்பது தனிக்கணக்கு. மழைக்காலத்தில் எல்லாமே இன்னும் நீளும். முதல் மழைதான் மோசம்: சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் ஈரத்தோடு குழைந்து வழுக்கும். மொட்டை டயராக இருந்தால் தேங்கிய தண்ணீரைப் பிளந்து வெளியேற்ற வழியே இல்லை. டயரின் பள்ளங்களுக்குள் சிறு மேடு போன்ற தேய்மானக் குறி இருக்கும். ரப்பர் அதன் மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் டயரை மாற்றியாக வேண்டும். காருக்கு அந்த அளவு 1.6 மில்லிமீட்டர்.

2019 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கும் 125 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் கட்டாயம். அதற்குக் கீழ் உள்ளவற்றில், ஒரு பிரேக்கைப் பிடித்தாலே மற்றதும் ஓரளவு வேலை செய்யும் சிபிஎஸ்ஸாவது இருக்க வேண்டும். பழைய வண்டி வாங்குவோர் பெயின்ட்டைப் பார்க்கும் அக்கறையில் பாதியை இதில் காட்டலாம்.

புது வண்டியின் பிரேக்கிலேயே கோளாறு என்றால் சர்வீஸ் சென்டரில் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வராதீர்கள். ஜாப் கார்டில் எழுதச் சொல்லி நகல் வாங்குங்கள். நுகர்வோர் ஆணையத்தில் அதுதான் பேசும். ஒரே குறை பல வண்டிகளில் இருந்தால் அவற்றைத் திரும்பப் பெற உத்தரவிடும் அதிகாரம், மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவில் மத்திய அரசுக்கு உண்டு.

சாலையே காரணமானால்? பராமரிப்புக் குறையால் உயிரோ உறுப்போ போனால், பொறுப்பான அமைப்புக்கும் ஒப்பந்ததாரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது அதே சட்டத்தின் 198ஏ பிரிவு. அந்தத் தொகை அரசின் விபத்து நிதிக்குப் போகுமே தவிர, அடிபட்டவர் கைக்கு வராது என்பதுதான் வேடிக்கை. இழப்பீட்டுக்கு அவர் தனியே வழக்காட வேண்டும். ஆகவே விபத்து நடந்த இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதும் பார்வை மகஜரில் குழி, கொட்டிக் கிடந்த ஜல்லி, எரியாத விளக்கு எல்லாம் பதிவாகின்றனவா என்று கேளுங்கள். இடம் தெரியும்படி படமும் எடுத்துவையுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033.

இன்னொரு வண்டி மோதியிருந்தால் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போடலாம். சட்டம் சொல்லும் கெடு ஆறு மாதம். யாரும் மோதாமல் நீங்களே வழுக்கி விழுந்தால் மூன்றாம் நபர் காப்பீடு உதவாது. உரிமையாளரே ஓட்டிச்சென்று இறந்தாலோ நிரந்தர ஊனமுற்றாலோ கைகொடுப்பது, 15 லட்ச ரூபாய்க்கான தனிநபர் விபத்துக் காப்பீடு. பிரீமியத்தில் சில நூறு ரூபாய் மிச்சம் என்று ஏஜென்ட் அதை விட்டுவிட்டாரா என்று பாலிசியை எடுத்துப் பாருங்கள்.