அமெரிக்காவில் 9-ம் வகுப்பு: நான்கு வருடப் படிப்பை ஸ்பிரெட்ஷீட்டில் திட்டமிடுவது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர் ஸ்பிரெட்ஷீட்டை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு, "இது ஆபீஸ் சமாச்சாரம்" என்று மூடிவிடுகிறார்கள். வீட்டில் இதற்கு என்ன வேலை என்று கேட்டால், மாதச் செலவுக் கணக்கு, பால் கணக்கு என்றுதான் எல்லாரும் சொல்கிறோம். இந்த முறை கொஞ்சம் வேறு மாதிரியான ஒரு கணக்கைப் பார்ப்போம்.

வேலை மாற்றலில் அமெரிக்கா போகும் குடும்பங்களில் பிள்ளைகள் 8-ம் வகுப்பு முடித்திருந்தால், அங்கே நேராக ஹைஸ்கூலில்தான் சேர வேண்டும். அங்கே ஹைஸ்கூல் என்பது 9 முதல் 12 வரை நான்கு வருடம். 9-ம் வகுப்பு மாணவரை 'ஃப்ரெஷ்மேன்' என்கிறார்கள். கல்லூரி முதலாண்டு மாணவருக்கும் அதே பெயர்தான், குழம்ப வேண்டாம்.

நம் ஊரில் 10-ம் வகுப்புத் தேர்வு முடிந்து மார்க் வந்த பிறகு ஃபர்ஸ்ட் க்ரூப்பா, காமர்ஸா என்று முடிவு செய்கிறோம். அங்கே க்ரூப்பே கிடையாது. ஒவ்வொரு பாடத்தையும் தனித்தனியாக, வருடா வருடம் தேர்வு செய்ய வேண்டும். கேட்க சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் 9-ம் வகுப்பில் எந்தக் கணிதம் எடுக்கிறோம், மொழிப்பாடம் ஆரம்பித்தோமா இல்லையா என்பதை வைத்தே 12-ம் வகுப்பில் என்ன படிக்க முடியும் என்பது பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. க்ரூப் தேர்வு அங்கேயும் உண்டு. சத்தமில்லாமல் இரண்டு வருடம் முன்னாலேயே நடந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

ஒவ்வொரு மாநிலத்துக்கும் விதி வேறு. நம்மவர்கள் அதிகம் இருக்கும் கலிஃபோர்னியாவை உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

அங்கே இரண்டு பட்டியல்கள் இருக்கின்றன. இதைப் புரிந்துகொண்டாலே பாதி வேலை முடிந்தது. முதல் பட்டியல், ஹைஸ்கூல் டிப்ளமோ வாங்க மாநிலச் சட்டம் கேட்கும் குறைந்தபட்சப் பாடங்கள். ஆங்கிலம் 3 வருடம், கணிதம் 2, அறிவியல் 2, சமூக அறிவியல் 3, உடற்கல்வி 2. இவை தவிர கலை, வேற்று மொழி, தொழிற்கல்வி மூன்றில் ஏதாவது ஒன்று 1 வருடம். கணிதத்தில் அல்ஜீப்ரா 1 கட்டாயம். மொத்தம் 13 வருடப் பாடங்கள். இதற்கு மேல் அந்தந்தக் கல்வி மாவட்டம் தன் பங்குக்குச் சில பாடங்களைச் சேர்த்துக்கொள்ளும்.

இரண்டாவது பட்டியலுக்கு 'ஏ-ஜி' என்று பெயர். யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா, கலிஃபோர்னியா ஸ்டேட் யூனிவர்சிட்டி என்ற இரண்டு அரசுப் பல்கலைக்கழகக் குழுமங்களும் விண்ணப்பிப்பவரிடம் கேட்கும் பாடங்கள் இவை. வரலாறு 2 வருடம், ஆங்கிலம் 4, கணிதம் 3, ஆய்வகத்தோடு கூடிய அறிவியல் 2, வேற்று மொழி 2, கலை 1, விருப்பப்பாடம் 1. மொத்தம் 15. உடற்கல்வி இதில் இல்லவே இல்லை.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டிப்ளமோவுக்கு வேற்று மொழியே படிக்காமல் தப்பிக்கலாம், பல்கலைக்கழகத்துக்கு ஒரே மொழியை 2 வருடம் படித்திருக்க வேண்டும். டிப்ளமோவுக்கு 2 வருடக் கணிதம் போதும், பல்கலைக்கழகம் 3 கேட்கிறது, 4 இருந்தால் நல்லது என்கிறது. மார்க்கிலும் வித்தியாசம் உண்டு. பொதுவாக 'டி' கிரேடு வாங்கினாலும் பள்ளியில் பாஸ்தான், டிப்ளமோ கணக்கில் அந்தப் பாடம் ஏறிவிடும். ஏ-ஜி கணக்கில் ஏற 'சி' அல்லது அதற்கு மேல் வேண்டும். "எல்லாப் பாடத்திலும் பாஸ்" என்று ரிப்போர்ட் கார்டைப் பார்த்து வீட்டில் நிம்மதியாக இருப்பார்கள். 12-ம் வகுப்பில் விண்ணப்பம் நிரப்ப உட்காரும்போதுதான் ஒரு பாடம் குறைகிறது என்று தெரியும். பள்ளி யாரையும் ஏமாற்றவில்லை. அது டிப்ளமோவைச் சொல்கிறது, நாம் அட்மிஷன் என்று புரிந்துகொள்கிறோம்.

இனி கம்ப்யூட்டருக்கு வருவோம். எக்ஸெல் இருந்தால் அதைத் திறக்கவும். இல்லாதவர்கள் லிப்ரெஆபீஸ் கால்க் அல்லது கூகுள் ஷீட்ஸ் பயன்படுத்தலாம், இரண்டும் இலவசம்.

முதல் வரிசையில் தலைப்புகள். ஏ காலத்தில் 'பாடம்'. பி, சி, டி, இ ஆகிய நான்கு காலங்களில் '9-ம் வகுப்பு' முதல் '12-ம் வகுப்பு' வரை. எஃப் காலத்தில் 'மொத்தம்', ஜி காலத்தில் 'தேவை', ஹெச் காலத்தில் 'மீதி' என்று டைப் செய்யவும். ஏ காலத்தில் இரண்டாவது வரிசையிலிருந்து கீழ்நோக்கி ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல், வேற்று மொழி, கலை, உடற்கல்வி, விருப்பப்பாடம் என்று எட்டு வரிசைகள்.

ஆங்கிலம் நான்கு வருடமும் இருக்கும், எனவே அந்த வரிசையில் நான்கு செல்லிலும் 1 என்று போடவும். ஒரு வருடப் பாடத்துக்கு 1, ஒரு செமஸ்டர் பாடத்துக்கு 0.5. இங்கே 'க்ரெடிட்' என்ற எண்ணைப் போட வேண்டாம் என்பது என் யோசனை. கலிஃபோர்னியாவில் பல மாவட்டங்கள் ஒரு வருடப் பாடத்துக்கு 10 க்ரெடிட் தருகின்றன, டெக்ஸாஸில் அதே பாடத்துக்கு 1 க்ரெடிட். வருடக் கணக்கு எங்கே போனாலும் மாறாது.

இப்போது ஆங்கில வரிசையின் 'மொத்தம்' செல்லில் கிளிக் செய்து, ஆட்டோசம் பட்டனை அழுத்தி, என்டர் தட்டவும். 4 என்று வரும். அந்தச் செல்லை மறுபடி தேர்வு செய்தால், வலது கீழ் மூலையில் ஒரு சின்னப் புள்ளி தெரியும். அதை மவுசால் பிடித்துக் கடைசி வரிசை வரை இழுத்து விடுங்கள். எல்லா வரிசைக்கும் கூட்டல் தயார். 'மீதி' செல்லில் சமக்குறி போட்டு, 'மொத்தம்' செல்லைக் கிளிக் செய்து, கழித்தல் குறி போட்டு, 'தேவை' செல்லைக் கிளிக் செய்து, என்டர். இதையும் கீழே இழுத்து விடவும். கண்டிஷனல் ஃபார்மேட்டிங் மூலம் 'மீதி' காலத்தில் பூஜ்யத்துக்குக் கீழே போகும் எண்ணைச் சிவப்பாக்கிவிட்டால் பார்த்தவுடன் தெரியும்.

'தேவை' காலத்தில் டிப்ளமோ எண்களை வரிசைப்படி போடவும்: 3, 2, 2, 3, 0, 1, 2, 0. இந்த ஷீட்டுக்கு 'டிப்ளமோ' என்று பெயர் கொடுங்கள். பிறகு கீழே இருக்கும் ஷீட் பெயர் மேல் ரைட் கிளிக் செய்து ஒரு காப்பி எடுத்து, அதற்கு 'பல்கலைக்கழகம்' என்று பெயர் வைத்து, 'தேவை' எண்களை மட்டும் 4, 3, 2, 2, 2, 1, 0, 1 என்று மாற்றவும். ஒவ்வொரு செமஸ்டர் ரிசல்ட்டும் வந்ததும் முதல் ஷீட்டில் பாஸ் ஆன பாடத்தை எல்லாம் போடுங்கள். இரண்டாவது ஷீட்டில் 'சி'க்குக் குறையாத பாடத்துக்கு மட்டும் எண். 'டி' வாங்கிய செமஸ்டருக்கு அங்கே பூஜ்யம். கையில் நோட்டு வைத்துக் கணக்குப் போட்டால் மனசு கேட்காமல் சேர்த்துக்கொள்வோம், ஷீட் சேர்க்காது!

பூஜ்யம் விழுந்தால் உடனே தலையில் கை வைக்க வேண்டாம். கோடை வகுப்பில் திரும்ப எடுக்கலாம். மொழிப்பாடத்தில் முதல் வருடம் 'டி' வாங்கி, இரண்டாம் வருடம் 'சி' வாங்கினால், முதல் வருடமும் சரியாகிவிட்டதாகப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்ளும்.

ஒரு நாளைக்கு ஆறு பீரியட் உள்ள பள்ளியில் நான்கு வருடத்துக்கு 24 இடங்கள். இரண்டு பட்டியலையும் சேர்த்துப் போட்டால் 18 இடம் நிரம்பும். ஆறு இடம் மிச்சம். இடப் பிரச்சினையே இல்லை, பிரச்சினை எல்லாம் வரிசையில்தான் இருக்கிறது. ஒரு சாஃப்ட்வேரை இன்ஸ்டால் செய்யும்போது, "முதலில் அந்த சாஃப்ட்வேரைப் போடு" என்று கேட்கிறதே, அதே கதைதான்.

கணிதத்தைப் பாருங்கள். பல பள்ளிகளில் அல்ஜீப்ரா 1, ஜியோமெட்ரி, அல்ஜீப்ரா 2, ப்ரீகால்குலஸ், கால்குலஸ் என்று படிப்படியாகப் போக வேண்டும். சில பள்ளிகளில் முதல் மூன்றையும் கலந்து மேத் 1, 2, 3 என்று வைத்திருப்பார்கள். 9-ல் அல்ஜீப்ரா 1 என்று ஆரம்பித்தால் 12-ல் ப்ரீகால்குலஸ்தான். கால்குலஸ் வேண்டும் என்றால் கோடையில் ஒரு படியைத் தாண்ட வேண்டும், அல்லது ஒரே வருடத்தில் இரண்டு கணிதம் படிக்க வேண்டும்.

என் பெரியம்மா மகள் குடும்பத்தோடு கலிஃபோர்னியா போனபோது இதுதான் நடந்தது. பையன் சென்னையில் 8-ம் வகுப்பு முடித்தவன். நம் பாடத்திட்டத்தில் அல்ஜீப்ரா, ஜியோமெட்ரி எல்லாம் ஒரே புத்தகத்தில் கலந்து வருவதால், பள்ளியில் அவனுக்கு அல்ஜீப்ரா 1 கொடுத்துவிட்டார்கள். "முதல் வருஷம் ஈஸியா இருக்கட்டுமே" என்று அக்காவும் விட்டுவிட்டாள். வீடியோ காலில் இந்த ஷீட்டை நிரப்பிக்கொண்டே வந்தோம். 12-ம் வகுப்புக் கணித செல்லில் 'ப்ரீகால்குலஸ்' என்று டைப் செய்தபோதுதான், இன்ஜினியரிங் படிக்கப்போவதாகச் சொல்லும் பையனின் திட்டத்தில் கால்குலஸே இல்லை என்பது தெரிந்தது. நல்ல வேளையாகப் பள்ளி திறந்து இரண்டாவது வாரம்தான் ஆகியிருந்தது. கலிஃபோர்னியாவில் கணித வகுப்பு ஒதுக்குவது பற்றி 2015-ல் ஒரு சட்டம் வந்தது. 9-ம் வகுப்பு மாணவர் சரியான கணித வகுப்பில் இருக்கிறாரா என்று முதல் மாதத்துக்குள் ஒருமுறை பார்க்க வேண்டும், பெற்றோர் முறையிடவும் வழி இருக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். அக்கா எழுதிக் கேட்டாள், தேர்வு வைத்தார்கள், பையன் ஜியோமெட்ரிக்குப் போனான். ஜனவரியில் கேட்டிருந்தால் கஷ்டம்தான்.

அதனால் எண்களோடு நிறுத்தாமல், ஒவ்வொரு செல்லிலும் ரைட் கிளிக் செய்து கமென்ட் சேர்த்து, பாடத்தின் பெயரையும் எழுதி வையுங்கள். 12-ம் வகுப்பில் என்ன வேண்டும் என்று முதலில் எழுதிவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி 9 வரை வாருங்கள்.

8-ம் வகுப்பிலேயே அங்கே போய் அல்ஜீப்ரா 1 முடித்த பிள்ளைகளுக்கு ஒரு குறிப்பு. அதைப் பல்கலைக்கழகம் கணக்கில் எடுத்துக்கொள்ளும். டிப்ளமோவுக்கோ 9 முதல் 12-க்குள் 2 வருடக் கணிதம் படித்தே ஆக வேண்டும்.

மொழிப்பாடத்தில் நமக்கு ஒரு சலுகை இருக்கிறது, பலருக்குத் தெரியாது. 6-ம் வகுப்பு அல்லது அதற்கு மேல் இரண்டு வருடம் ஆங்கிலம் அல்லாத மொழி வழியில் படித்து, 'சி'க்குச் சமமான மார்க் வாங்கியிருந்தால், யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியாவின் மொழித் தேவை அதிலேயே முடிந்துவிடும். தமிழ் மீடியத்தில் படித்த பிள்ளைகள் மார்க் ஷீட்டை மறக்காமல் எடுத்துப் போக வேண்டும். இங்கிலீஷ் மீடியத்தில் தமிழை ஒரு பாடமாகப் படித்தவர்களுக்கு இந்த விதி பொருந்தாது. வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் படிக்கும் தமிழுக்குச் சில கல்வி மாவட்டங்கள் மதிப்பெண் தருகின்றன. உங்கள் மாவட்டம் தருமா என்று சேரும் முன் கேட்டுக்கொள்ளவும்.

நடுவில் டெக்ஸாஸுக்கு மாற்றல் வந்தால்? மூன்றாவதாக ஒரு காப்பி எடுத்து 'தேவை' எண்களை மாற்றினால் போதும். அங்கே அடிப்படைத் திட்டம் 22 க்ரெடிட்: ஆங்கிலம் 4, கணிதம் 3, அறிவியல் 3, சமூக அறிவியல் 3, மொழி 2, கலை 1, உடற்கல்வி 1, விருப்பப்பாடம் 5. மொழிக்குப் பதிலாகக் கம்ப்யூட்டர் புரோகிராமிங் மொழி படித்தாலும் டெக்ஸாஸ் ஏற்றுக்கொள்கிறது! என் போன்றவர்களுக்குக் கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் அதை நம்பி ஸ்பானிஷை விட்டுவிட்டுப் பிறகு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தால், அங்கே மொழி வரிசை சிவப்பாகத்தான் இருக்கும்.

மிச்சமுள்ள ஆறு இடங்களையும் 'ஏபி' எனப்படும் கடினமான பாடங்களால் நிரப்பும் பழக்கம் நம்மவர்களிடம் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா சராசரி கிரேடு கணக்கிடும்போது 10, 11-ம் வகுப்புப் பாடங்களைத்தான் எடுத்துக்கொள்கிறது. ஏபி போன்ற பாடங்களுக்குக் கூடுதல் புள்ளி தருவதும் 8 செமஸ்டர் வரைக்கும்தான். 9-ம் வகுப்பு கிரேடு அந்தச் சராசரியில் சேராது, ஆனால் 'சி' வாங்கினால்தான் பாடம் ஏ-ஜி கணக்கில் ஏறும். எனவே புது நாட்டில் முதல் வருடம் ஓர் இடத்தைப் பையனுக்கோ பெண்ணுக்கோ பிடித்த ஓவியத்துக்கோ இசைக்கோ விடுங்கள். ஏ-ஜி கேட்கும் கலைப் பாடமும் அதில் முடிந்துவிடும்.

ஒரு பாடம் பள்ளியில் நடக்கிறது என்பதாலேயே ஏ-ஜியில் சேர்ந்துவிடாது. ஒவ்வொரு பள்ளிக்கும் அங்கீகரிக்கப்பட்ட பாடப் பட்டியல் தனியாக இருக்கிறது. இன்டர்நெட்டில் பள்ளியின் பெயரைக் கொடுத்தே தேடிப் பார்க்கலாம். கமென்டில் பாடப் பெயரை எழுதும்போதே அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று சரிபார்த்துவிடுங்கள். பிள்ளை பட்டம் பெறும் வருடத்துக்கு உரிய விதியையும் பார்க்க வேண்டும். 2024-ல் வந்த ஒரு சட்டத்தால், 2030-31 கல்வியாண்டில் முடிப்பவர்களிலிருந்து கலிஃபோர்னியா டிப்ளமோவுக்கு ஒரு செமஸ்டர் தனிநபர் நிதிப் பாடமும் தேவைப்படும். அதற்கு ஒரு வரிசை சேர்த்து 'தேவை'யில் 0.5 போடவும்.

அடுத்த வருடப் பாடங்களைத் தேர்வு செய்யும் படிவம் பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச்சுக்குள் வரும். பள்ளியில் இதற்கென்றே கவுன்சிலர் இருப்பார். ஒரு கவுன்சிலருக்கு 250 மாணவர் என்பது அமெரிக்கப் பள்ளிக் கவுன்சிலர்கள் சங்கத்தின் பரிந்துரை. அந்தக் கணக்கு சரியாக இருந்தால்கூட உங்கள் பிள்ளைக்கு அவர் ஒதுக்கக்கூடிய நேரம் சில நிமிடங்கள்தான். இரண்டு ஷீட்டையும் பிரிண்ட் எடுத்து, சிவப்பு செல்களை வட்டமிட்டுக் கொண்டு போகவும். ஃபைலுக்குப் பிள்ளையின் பெயரோடு தேதியையும் சேர்த்து சேவ் செய்து, பென் டிரைவில் ஒரு காப்பி வைத்துக்கொள்ளவும்.