முழங்காற் சிரட்டையும் மலையிறக்கமும்

ஹட்டன் கடல்மட்டத்துக்கு 4,000 அடிக்கு மேலுள்ளது. அதனைச் சூழ்ந்த தோட்டங்களிலே சமதரை அரிது. கொழுந்துக் கூடையுடன் நாற்பதாண்டு மலையேறியிறங்கிய மூதாட்டி, “நடக்கலாம், படியிறங்கத்தான் முடியவில்லை” என முறையிடுவாளாயின், நோயின் இருப்பிடத்தை அவளே சுட்டிவிட்டாள் எனலாம்.

முழங்கால் ஒரே மூட்டெனினும் அதனுள் உராயுமிடங்கள் மூன்று. தொடையென்பும் கீழ்க்காலென்பும் உட்புறத்தும் வெளிப்புறத்தும் பொருந்துவன இரண்டு. சிரட்டை, தொடையென்பின் பள்ளத்திலே வழுக்கிச் செல்லுமிடம் மூன்றாவது. சமதரையில் நடக்குங்கால் சிரட்டை தாங்கும் அழுத்தம் சிறிதே. படியிறங்குங்கால் அஃது உடற்பாரத்தின் மும்மடங்களவாகும். குந்துங்கால் இன்னும் மிகும். அங்குள்ள கசியிழையம் தேய்ந்தோர்க்கு மலையிறக்கமும், அடுப்பின்முன் குந்துதலும் கொடுந்துன்பமாவது இதனாலேயே.

சாதாரணமாக முன்புறமிருந்து எடுக்கும் எக்ஸ்கதிர்ப் படத்தில் இத்தேய்வு புலப்படாது. முழங்காலை மடக்கி, சிரட்டையின் அடிப்புறம் தெரிய எடுத்தல் வேண்டும். இஃதறியாது “படத்தில் ஒன்றுமில்லை” எனத் திருப்பியனுப்புதல் நோயாளிக்கு இழைக்கும் அநீதியே.

முன்னாளிற் சிரட்டையையே அகற்றுவதுண்டு. சிரட்டை தொடைத்தசைக்கு நெம்புகோல் போன்றதன்றோ? அதனை இழந்த கால் வலுக் குன்றியது. 1955இல் மக்கீவர் என்னும் அமெரிக்க வைத்தியர் சிரட்டையின் பின்புறத்துக்கு உலோக மூடி பொருத்தும் முறையை வெளியிட்டார். முழு மூட்டை மாற்றும் முயற்சி இதனினும் பழையது. 1890இல் பெர்லினிலே குளுக் தந்தத்தாற் கீல்மூட்டு அமைத்தார். கிருமித்தொற்றால் அது நிலைக்கவில்லை. 1974இல் நியூயோர்க்கிலே இன்சோல் முதலியோர் உலோகமும் பிளாஸ்டிக்கும் கொண்டு ஆக்கிய மூட்டின் வழிவந்தனவே இன்றைய மூட்டுகளிற் பல.

தேய்ந்தது சிரட்டையிடம் மட்டுமாயின் முழு மூட்டையும் மாற்றுவானேன்? இளையோர்க்கு அப்பகுதியை மட்டும் மாற்றுதல் பொருந்தக்கூடும். முதியோரிடத்தோ ஏனைய இரண்டிடங்களும் பின்னர்த் தேயலாம். எழுபது வயதுக்கு மேல் மீண்டுமொரு சத்திரசிகிச்சை எளிதன்று. முழு மூட்டுகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 82, 25 ஆண்டுகள் நிலைக்குமென 2019இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. ஆதலால் முதியோர்க்குப் பலரும் முழு மாற்றத்தையே விரும்புகின்றனர்.

எனினும் செயற்கை மூட்டு பழைய முழங்காலன்று. நோவு பெரிதும் நீங்கும். குந்துதலும் மண்டியிடுதலும் பலர்க்கு மீள்வதில்லை. லயத்து மலசலகூடத்திற் குந்தியே ஆகவேண்டியவர்க்கு இது சிறு செய்தியன்று. சிகிச்சைக்கு முன்னரே இருக்கைவசதி செய்தல் நன்று. தொடைத்தசைப் பயிற்சி, எடைகுறைப்பு, ஊன்றுகோல் ஆகியவற்றை முதலிற் கைக்கொண்டு, அவை பயனளியாதபோதே கத்தியை நாடுவது முறை. படியேறுங்கால் நல்ல காலையும், இறங்குங்கால் நோவுள்ள காலையும் முதலில் வைத்தல் வேண்டும்.