பின்னாடியே காலியா வருது!

சாயங்காலம் ஆறரை மணி. இருபது நிமிடமாக நிறுத்தத்தில் ஒரு வண்டியும் இல்லை. கடைசியில் ஒன்று வருகிறது, ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு, படியில் கால் வைக்கக்கூட இடமில்லாமல். உள்ளே எங்கிருந்தோ கண்டக்டரின் குரல் மட்டும் கேட்கிறது: “பின்னாடியே காலியா வருது, அதுல வாங்க!” அதை நம்பி நின்றவர் யாருமில்லை. எல்லோரும் முண்டியடித்துத் தொற்றிக்கொள்கிறார்கள். இரண்டே நிமிடத்தில் அதே எண் போட்ட இன்னொரு வண்டி, ஜன்னலோர இருக்கைகள் எல்லாம் காலியாக, ஆடி அசைந்து வந்து நிற்கிறது.

கண்டக்டர் சொன்னது உண்மைதான். எப்போதும் இல்லாவிட்டாலும், பெரும்பாலும். அதற்குக் கணக்கே இருக்கிறது.

டிரைவர்கள் டீக்கடையில் பேசிவைத்துக்கொண்டு ஒன்றாகக் கிளம்புகிறார்கள் என்று நிறுத்தத்தில் நிற்கும் நாம் சந்தேகப்படுவோம். அப்படிப் பேசிவைக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒரே தடத்தில் ஓடும் பேருந்துகளைச் சும்மா விட்டாலே அவை ஒன்றோடொன்று போய் ஒட்டிக்கொள்ளும். நியூவெல், பாட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1964லேயே இதைச் சமன்பாடு எழுதிக் காட்டிவிட்டார்கள். சமன்பாடு வேண்டாம், வாய்க்கணக்கே போதும்.

பத்து நிமிடத்துக்கு ஒரு வண்டி என்று வைத்துக்கொள்வோம். நிறுத்தத்துக்கு நிமிடத்துக்கு 2 பேர் வந்து சேர்கிறார்கள்; ஒருவர் ஏற 3 விநாடி. நேரத்துக்கு வரும் வண்டிக்காக 20 பேர் நிற்பார்கள், ஏற்றிக்கொள்ள 60 விநாடி. அந்த வண்டி எங்கோ ஒரு சிக்னலில் மாட்டி 2 நிமிடம் பிந்திவிட்டால் நிற்பவர்கள் 24 பேர், ஆகும் நேரம் 72 விநாடி. கூடுதலான அந்த 12 விநாடியும் தாமதத்தோடு சேர்ந்துகொண்டு அடுத்த நிறுத்தத்துக்குப் போகிறது. நிறுத்தத்துக்கு 10 சதவீத வட்டி. அதிலும் வட்டிக்கு வட்டி. பத்து நிறுத்தம் தாண்டுவதற்குள் 2 நிமிடத் தாமதம் 5 நிமிடத்துக்கு மேல் ஆகிவிடும். வண்டி நிரம்பி வழியும்போது ஒருவர் ஏற 3 விநாடி எங்கே போதும்? உள்ளே இருப்பவர் இறங்கவே அரை நிமிடம் வேண்டும். வட்டி விகிதமும் ஏறுகிறது.

பின்னால் வரும் வண்டிக்கு நேர் எதிர். முன்னால் போனது எல்லோரையும் அள்ளிக்கொண்டு போய்விட்டதால் இதற்கு ஆள் குறைவு, நிற்கும் நேரம் குறைவு, வேகம் அதிகம். துரத்திக்கொண்டு வந்து பிடித்துவிடும். பிடித்த பிறகு தானாகப் பிரிவது அரிது. பிராட்வேக்கும் தாம்பரத்துக்கும் இடையே பல காலமாக ஓடிய 21ஜி மாதிரியான நீண்ட தடங்களில், வட்டி ஏறுவதற்கு நிறுத்தங்களும் அதிகம்.

இதில் வேடிக்கை, அலுவலகக் கணக்கேட்டில் எந்தக் குறையும் தெரியாது என்பதுதான். ஒரு மணி நேரத்துக்கு 6 வண்டிகள் ஓட வேண்டும், ஓடின. பத்து நிமிடத்துக்கு ஒன்றாக வந்திருந்தால் பயணி சராசரியாக 5 நிமிடம் காத்திருப்பார். இரண்டிரண்டாக வந்தால் இடைவெளி 20 நிமிடம், சராசரிக் காத்திருப்பு 10. மும்மூன்றாக வந்தால் 15. வண்டியும் அதே, டீசலும் அதே, சம்பளமும் அதே. பயணிக்கு மட்டும் மூன்று மடங்கு தண்டனை. “எனக்கு மட்டும் ஏன் எப்பவும் லேட்டா வருது” என்று நொந்துகொள்பவரின் ராசியிலும் கோளாறில்லை. 5 நிமிடமும் 15 நிமிடமுமாக மாறி மாறி இடைவெளி இருந்தால், ஏதோ ஒரு நேரத்தில் நிறுத்தத்துக்கு வருபவர் நீண்ட இடைவெளிக்குள் விழ முக்கால்வாசி வாய்ப்பு இருக்கிறது.

அதனால்தான் “இன்னும் நூறு பஸ் விடுங்கள்” என்ற வழக்கமான கோரிக்கையில் எனக்கு அரை மனசுதான். பேருந்துகள் வேண்டும், மறுக்கவில்லை. இடைவெளியைக் கவனிக்காமல் விட்டால் புதிய வண்டிகளில் பலவும் கும்பலில்தான் போய்ச் சேரும். தனிப் பாதை போட்டால் சிக்னலிலும் நெரிசலிலும் மாட்டும் முதல் தாமதம் குறையும். வட்டி ஏறுவது நிற்காது.

இடைவெளியை டிரைவர்களே காத்துக் காட்டிய ஊர் ஒன்று உண்டு, மெக்சிகோவில் குவெர்னவாகா. அங்கே டிரைவர்களே வண்டிக்குச் சொந்தக்காரர்களாக இருந்தார்கள். முன் வண்டி இப்போதுதான் போயிருந்தால் ஆள் கிடைக்காது. பிந்தினால் பின் வண்டிக்காரன் அள்ளிக்கொள்வான். ஆகவே முன் வண்டி போன நேரத்தைக் குறித்துவைத்துச் சொல்ல வழியில் ஆள் போட்டுக் காசு கொடுத்தார்கள். மிலன் கிர்பாலெக், பெட்ர் ஷேபா என்ற இயற்பியலாளர்கள் அந்த நேரங்களை ஆராய்ந்து 2000இல் எழுதினார்கள்: பேருந்துகளின் இடைவெளிகள், கனமான அணுக்கருக்களின் ஆற்றல் மட்டங்களை விளக்கும் அதே கணிதத்துக்குப் பொருந்திப்போயின. ஒன்றையொன்று விலக்கித் தள்ளிக்கொள்ளும் தன்மை இரண்டுக்கும் பொது. கோவைப் பக்கம் தனியார் டவுன் பஸ்களின் ‘டைமிங்’ சண்டையைப் பார்த்தவர்களுக்கு அந்த டிரைவர்களின் கவலை நன்றாகவே புரியும்.

சண்டை இல்லாமலும் செய்யலாம். பார்தோல்டி, ஐசன்ஸ்டைன் என்ற இருவர் அட்லாண்டாவில் ஒரு பல்கலைக்கழக வளாகப் பேருந்துகளில் கால அட்டவணையையே தூக்கிப்போட்டுப் பார்த்தார்கள். 2012இல் முடிவை வெளியிட்டார்கள். முனையத்துக்கு வரும் வண்டி, தனக்குப் பின்னால் வருவது எவ்வளவு தொலைவில் இருக்கிறதோ அதற்குத் தக்கபடி கொஞ்சம் நின்று கிளம்ப வேண்டும். விதி அவ்வளவுதான். மேலிருந்து யாரும் கட்டளையிடாமலே இடைவெளிகள் சமமாகிவிட்டன.

வண்டியை இப்படி நிறுத்திவைப்பதற்கு நம் ஊர் கண்டக்டர் மொழியில் பெயர் ‘ஓல்டான்’. சொல்வது சுலபம். ஆபீஸ் நேரத்தில் ஒரு வண்டியை வேண்டுமென்றே 3 நிமிடம் நிறுத்திப் பாருங்கள்: “இன்னாப்பா, வண்டிய எடு!” என்று ஐம்பது குரல் எழும். நிறுத்தம் நிறுத்தமாகக் காத்திருப்பவர்களின் குரல் வண்டிக்குள் கேட்காதே. முனையத்தில் வண்டி நிற்கும் நேரத்தை வெட்டி இன்னொரு ‘சிங்கிள்’, அதாவது இன்னொரு நடை, அடிக்கச் சொல்வதும் இதே கண்மூடித்தனம்தான். டிரைவர் டீ குடிக்கும் அந்தப் பத்து நிமிடம் வீண் அல்ல. ஏறிய வட்டியைக் கட்டித் தீர்க்கும் இடம் அதுதான்.

லண்டனில் அடிக்கடி ஓடும் தடங்களில், வண்டி நேரத்துக்கு வந்ததா என்று பார்ப்பதில்லை. பயணி தேவைக்கு மேல் எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்று அளந்து, அதை வைத்து ஓட்டும் நிறுவனத்துக்குப் பணம் கூட்டியோ குறைத்தோ கொடுக்கிறார்கள். சென்னையில் மாநகரப் போக்குவரத்துக் கழகம் தினமும் 30 லட்சம் பேருக்கு மேல் ஏற்றிச் செல்கிறது. வண்டிகள் இருக்குமிடத்தைச் ‘சென்னை பஸ்’ செயலியில் நாமே பார்க்கிறோம். நமக்குத் தெரிவது முனையத்தில் இருப்பவர்களுக்கும் தெரியும். எத்தனை நடை ஓடியது என்பதோடு, எத்தனை நிமிடம் காக்க வைத்தோம் என்பதையும் தடவாரியாக மாதம் ஒருமுறை வெளியிடட்டும்.

அதுவரை நம்மால் ஆனது ஒன்று உண்டு. பிதுங்கி வழியும் வண்டி வந்தால் செயலியைப் பாருங்கள். அதே எண்ணில் அடுத்தது ஒன்றிரண்டு நிறுத்தம் தள்ளி இருந்தால் இதை விட்டுவிடுங்கள். உங்களுக்கு உட்கார இடம் கிடைக்கும். முன் வண்டிக்கு 3 விநாடி மிச்சம்.