இயற்கை என்பதால் நஞ்சு அமுதாகாது

மழை ஓய்ந்த மாலைகளில் வெள்ளவத்தைக் கால்வாயோரத்திலும் கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளிலும் தேரைகளைக் காண்பது எமக்குப் புதிதன்று. அவற்றின் கண்களுக்குப் பின்னால் புடைத்திருப்பவை நஞ்சுச் சுரப்பிகளாகும். வெளிநாடுகளில் ஒருவகைத் தேரையின் நஞ்சு 'இயற்கை மருந்து' என்ற பெயரில் போதைக்காகப் புகைக்கப்படுகின்றது. இதனைக் கேள்வியுறும் எமது இளைஞர்கள், இயற்கையானது தீங்கு செய்யாது என எண்ணிவிடலாகாது. ஆகவே இதன் விஞ்ஞான உண்மையை விளக்குவது அவசியமாகின்றது.

நாம் உண்ணும் பருப்பு, முட்டை, மீன் ஆகியவற்றில் திரிப்டோபான் எனும் அமினோ அமிலம் உண்டு. விலங்குடலின் நொதியங்கள் இதனைப் படிப்படியாக மாற்றி, மனநிலையைச் சீராக்குவதில் பங்குகொள்ளும் செரட்டோனினை உருவாக்குகின்றன. தேரைத் தோலில் வேறொரு நொதியம் செரட்டோனினுடன் இரண்டு மெதைல் கூட்டங்களை இணைக்கும்போது அது புஃபோடெனின் ஆகின்றது. வட அமெரிக்காவின் சொனோரா பாலைவனத் தேரையிலோ, மற்றுமொரு நொதியம் மூன்றாவது மெதைல் கூட்டத்தையும் சேர்த்து, அதனை மூளையைக் கடுமையாக மயக்கும் பொருளாக்கிவிடுகின்றது. அத்தேரையின் தோலில் இப்பொருள் இருப்பதை இத்தாலிய ஆய்வாளர் எர்ஸ்பாமரும் குழுவினரும் 1967 இல் வெளிப்படுத்தினர்.

பாலூட்டிகளும் இதற்கு விலக்கல்ல. முயலின் நுரையீரலிலுள்ள நொதியமொன்று இத்தகைய சேர்மங்களை உருவாக்க வல்லது என்பதை, பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஜூலியஸ் அக்செல்ரொட் 1961 இல் கண்டறிந்தார். மனிதரிலும் அந்நொதியம் உண்டு. எனினும் எமதுடலில் காணப்படும் அளவு மிகச் சொற்பமே. அதனையும் மொனோஅமைன் ஒட்சிடேசு என்ற நொதியம் விரைந்து சிதைத்துவிடுகின்றது. ஆனால் புகையாக நுரையீரல் வழியே பெருமளவில் உட்செல்லும்போது இந்தக் காவல் போதாமற் போகின்றது.

மேலும், எமது முற்றத்துத் தேரை சொனோராத் தேரையன்று. அதன் நஞ்சில் இதயத்துடிப்பைக் குலைக்கும் பொருட்கள் உள்ளன. 1993 முதல் 1995 வரையான காலத்தில் நியூயோர்க்கில், மேற்பூச்சாக விற்கப்பட்ட, தேரை நஞ்சு கலந்த பொருளொன்றை உட்கொண்ட ஐவர் பாதிக்கப்பட்டு, அவர்களுள் நால்வர் உயிரிழந்தனர் என்பது மறக்கத்தக்கதன்று.

தேரையைத் தொட்ட சிறுவர் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவ வேண்டும். வாயிலிட்டிருப்பின் தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் தேசிய நஞ்சுத் தகவல் நிலையமும் உள்ளது.

மதியை மயக்குவதை விலக்குமாறு ஆலயமும் பள்ளிவாசலும் போதிக்கின்றன. பெற்றோரும் ஆசிரியரும் அப்போதனையோடு அதற்கான விஞ்ஞானக் காரணத்தையும் எடுத்துரைப்பார்களாயின், தடையை மீறத் துடிக்கும் இளவயதினரும் செவிசாய்ப்பர் என்பதே எமது நம்பிக்கையாகும்.