தூர் வாருங்க, ஒரு கரையைத் தவக்களைக்கு விடுங்க

உழவர்கரை: பேரிலேயே உழவனும் இருக்கான், கரையும் இருக்கு. இன்றைக்கு அங்கே வீட்டுமனைகளுக்கு நடுவில் கனகன் ஏரி போலச் சில நீர்நிலைகள்தான் மிச்சம். ஆனால் இந்தப் புதுச்சேரித் தண்ணீருக்கு உயிரியலில் தனி இடம் உண்டு. 1834-ல் லெசோன் என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர், பச்சைக் குளத்தவளைக்கு அறிவியல் பெயர் வைத்தது இந்தப் பகுதித் தவளையைப் பார்த்துத்தான்.

கைப்பிடி அளவுக்கு வளரும் பெரிய தவளை இது. பச்சை முதுகு, நடுவில் வெளிர்க்கோடு. அல்லி இலைக்கு நடுவே கண்ணை மட்டும் நீட்டி மிதக்கும். மழைக்கு வயலில் கத்தும் பெருந்தவளை வேறு. இதற்கு வற்றாத தண்ணீரும் அதில் செடிகொடியும் வேணும்.

தவளைன்னா பூச்சி தின்னும், உழவனுக்கு நண்பன் என்போம். இதன் குஞ்சுகள் பூச்சி தின்பது உண்மை. வளர்ந்த பிறகோ உணவில் பெரும்பகுதி நீர்ச்செடிகளின் இலைதான். தவளை இனத்தில் இது அபூர்வம். அதனால், குளத்துச் செடியை ஒட்டுமொத்தமாக வழித்தால் இதற்கு வீடும் போச்சு, சோறும் போச்சு.

ஒருகாலத்தில் இதன் காலுக்காகவே பிடித்து வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். 1985-ல் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் பட்டியலில் இது சேர்ந்தது. 1987-ல் தவளைக்கால் ஏற்றுமதிக்கே இந்தியா தடை போட்டது. கத்திக்குத் தப்பியது, இப்போ கான்கிரீட்டுக்கும் களைக்கொல்லிக்கும் தப்பணும். தவளை தோல் வழியாகத்தான் தண்ணீரை எடுத்துக்கொள்ளும். அந்தத் தண்ணீரில் கலந்த விஷமும் அதே வழியில்தான் உள்ளே போகும்.

தூர் வார வேண்டாம்னு நான் சொல்லலை. வண்டல் நம்ம நிலத்துக்கு உரம். குளம் ஆழமானால்தான் கிணற்றில் ஊறும். பாதிக் குளத்தை இந்தக் கோடையில், மீதியை அடுத்த கோடையில் வாருங்க. நாலு பக்கமும் கல் பதிக்காமல் ஒரு பக்கமாவது சரிவான மண்கரையா விடுங்க. அல்லியும் கோரையும் அங்கே நிற்கட்டும். ஆகாயத்தாமரையைக் கையால் வாரி மட்க வையுங்க, மருந்து அடிக்காதீங்க. தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியைக் குளத்தில் விடவே விடாதீங்க. தலைப்பிரட்டையைக்கூட மிச்சம் வைக்காது.

இதற்குத் தனிச் செலவு எதுவும் இல்லை. ஜேசிபி வந்து நின்ற பிறகு பேசிப் பயனில்லை. வேலைக்குத் திட்டம் போடும்போதே போய்ப் பேசுங்க.