கரப்பான்பூச்சியின் மூளை சொன்ன செய்தி

இரவில் அடுக்களை விளக்கைப் போட்டதும் கரப்பான்பூச்சி ஓடி ஒளிகிறது. நாம் துடைப்பத்தைத் தேடுகிறோம். ஆனால் இதே இனப் பூச்சிகளைப் பல்லாண்டுகள் ஆய்வுக்கூடத்தில் வளர்த்து, அவற்றின் மூளையை அறுவை செய்து, உயிரியலின் பெரிய கேள்வி ஒன்றுக்கு விடை தேடினார் ஒரு பெண்மணி. அவர்தான் பெர்ட்டா ஷாரர்.

அது என்ன கேள்வி? உடலில் செய்திகள் இரு வழிகளில் செல்கின்றன. ஒன்று நரம்பு வழி. சுடுபாத்திரத்தில் பட்ட கையை நொடியில் இழுத்துக்கொள்வது இதனால்தான். மற்றொன்று ஹார்மோன் வழி. நாளமில்லாச் சுரப்பிகளில் உண்டாகும் ஹார்மோன்கள் இரத்தத்தில் கலந்து, தொலைவிலுள்ள உறுப்புகளை மெதுவாக இயக்குகின்றன. இவ்விரண்டும் தனித்தனி இலாகாக்கள் என்றே விஞ்ஞானிகள் நெடுங்காலம் எண்ணியிருந்தனர்.

1928-இல் எர்ன்ஸ்ட் ஷாரர் என்னும் ஜெர்மானிய இளைஞர், சிறுமீன் ஒன்றின் மூளையில் விந்தையான நரம்புச் செல்களைக் கண்டார். அவற்றுள் சுரப்பிச் செல்களில் இருப்பதுபோல் சிறு துளிகள் நிறைந்திருந்தன. அப்படியானால் நரம்புச் செல்லே ஹார்மோனையும் சுரக்கிறதா? பலர் இதை ஏற்கவில்லை. செல் அழுகியதால் வந்த தோற்றம் என்றும், சாயம் ஏற்றியதில் நேர்ந்த பிழை என்றும் ஒதுக்கினர்.

பெர்ட்டா 1906-இல் மியூனிக் நகரில் பிறந்தவர். தேனீக்களை ஆராய்ந்து புகழ்பெற்ற கார்ல் ஃபான் ஃப்ரிஷ்ஷின் மாணவி. 1930-இல் டாக்டர் பட்டம் பெற்று, 1934-இல் எர்ன்ஸ்டை மணந்தார். கணவனும் மனைவியும் விலங்குலகைப் பாகம் பிரித்துக்கொண்டனர்! முதுகெலும்புள்ளவை அவருக்கு; முதுகெலும்பற்றவை இவருக்கு.

ஹிட்லரின் ஆட்சியில் இருக்க மனமின்றி 1937-இல் இருவரும் அமெரிக்கா சென்றனர். அங்கே எர்ன்ஸ்டுக்கு வேலை கிடைத்தது. கணவன் பணியாற்றும் இடத்தில் மனைவிக்குச் சம்பளப் பதவி தருவதில்லை என்பது அக்கால வழக்கம். பெர்ட்டாவுக்குக் கிடைத்தவை ஆய்வு செய்ய ஓர் இடமும் நுண்ணோக்கியும்தான். விலை கொடுத்து விலங்குகள் வாங்க வழியில்லை. சிகாகோவில் கட்டடத்தின் அடித்தளத்தில் பிடிபட்ட கரப்பான்பூச்சிகளே அவருக்கு உதவின. பின்னர் நியூயார்க்கில், தென்னமெரிக்காவிலிருந்து வந்த குரங்குகளின் கூண்டுகளோடு வேறொரு வகைக் கரப்பான் வந்து சேர்ந்தது. உருவில் பெரியது, அவ்வளவு வேகமாக ஓடாதது, அறுவைக்கு ஏற்றது. அதன்பின் எந்த ஊருக்கு மாறினாலும் அவற்றையும் உடன் கொண்டு சென்றார்.

இப்பூச்சியின் மூளையில் சுரக்கும் செல்கள் உள்ளன. அவற்றின் நீண்ட இழைகள், மூளைக்குப் பின்னாலுள்ள கார்ப்பரா கார்டியாக்கா என்னும் சிறு உறுப்பில் போய் முடிகின்றன. பெர்ட்டா இந்த இழைகளை வெட்டிப் பார்த்தார். விளைவு என்ன தெரியுமா? வாய்க்காலை நடுவில் அடைத்தால் மேற்பக்கம் நீர் தேங்கும், கீழ்ப்பக்கம் வற்றும். அதைப் போலவே, வெட்டிய இடத்துக்கு மூளைப் பக்கம் சுரப்புப் பொருள் குவிந்தது, மறுபக்கம் குறைந்தது. ஆகவே அது செல் அழுகியதன் அடையாளமன்று. மூளையில் உண்டாகி, நரம்பிழை வழியே பயணம் செய்யும் பொருளே என்பது 1952-இல் தெளிவாயிற்று.

அருகிலுள்ள கார்ப்பரா அல்லாட்டா என்னும் சுரப்பியையும் அவர் ஆராய்ந்தார். இளம்பூச்சியில் அதை நீக்கினால், அது உரிய காலத்துக்கு முன்பே முதிர்ந்த வடிவை அடைந்தது. பெண்பூச்சியில் நீக்கினால், முட்டைகள் வளர்ச்சி பெறவில்லை.

மனிதனிலும் இதே ஏற்பாடு உண்டு. தாயிடம் பால் சுரந்து வெளிவர உதவும் ஆக்ஸிடோசின், மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியிலுள்ள நரம்புச் செல்களில் உண்டாகிறது. இழைகள் வழியே பிட்யூட்டரியை அடைந்து, அங்கிருந்து இரத்தத்தில் கலக்கிறது. பிட்யூட்டரியின் பின்பகுதி ஹார்மோன்கள் அங்கே உண்டாவதில்லை, மூளையில்தான் உண்டாகின்றன என்று 1951-இல் பார்க்மன் என்பவரும் எர்ன்ஸ்ட் ஷாரரும் எடுத்துக்காட்டினர். கரப்பானும் மனிதனும் இந்த விஷயத்தில் ஒரே பாணி!

நரம்புச் செல்கள் சுரக்கும் இத்தகைய பொருள்களுள் பல, சில அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலிகள். இவற்றை நரம்புப் பெப்டைடுகள் என்கிறோம். ஆக்ஸிடோசினில் ஒன்பது அமினோ அமிலங்கள். 1975-இல் கரப்பானிலிருந்து பிரித்து அமைப்பு அறியப்பட்ட புரோக்டோலினில் ஐந்தே ஐந்து. பூச்சியின் தோலுரிப்பு, உடலின் நீர் அளவு போன்ற பலவற்றையும் இத்தகைய பெப்டைடுகள் ஆள்கின்றன.

1955-இல் நியூயார்க்கின் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரி பெர்ட்டாவைப் பேராசிரியராக நியமித்தது. அப்போது அவருக்கு வயது 48. பத்தாண்டுகளில் எர்ன்ஸ்ட் கடலில் மூழ்கி இறந்தார். பெர்ட்டா ஆய்வை விடவில்லை. 1967-இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகம் அவரை உறுப்பினராக்கியது. 1983-ஆம் ஆண்டுக்கான தேசிய அறிவியல் பதக்கமும் அவருக்கு வழங்கப்பட்டது. 1995-இல் காலமானார்.

வேறு வழியின்றி எடுத்துக்கொண்ட பூச்சிதான் கரப்பான். ஆனால் அதன் மூளையில்தான் செல்லும், இழையும், சேருமிடமும் கத்திக்கு எட்டும்படி அமைந்திருந்தன. அடுத்த முறை துடைப்பத்தை ஓங்கும்போது, ஒரு கணம் இதை நினைத்துப் பாருங்கள்.